கணக்கில் வராத கால்

ஜனவரி 9

மாப்ளே,

நீ நல்லா இருப்பேன்னு நம்புறேன். நான் நல்லா இல்ல. உன்னாலதான்.

இந்த ஆளு எப்பய்யா லெட்டர் எழுத ஆரம்பிச்சாருன்னு யோசிப்ப. வேற என்ன பண்ண? போனைக் கையில எடுத்தாலே "பயிற்சிக்குத் தயாரா?"ன்னு ஒரு பொம்பளைக் குரல் கேக்குது. அதுக்குப் பயந்து அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வச்சேன். உங்கக்கா தேடி எடுத்து வெளிய வச்சுட்டா. இனிமே போன்ல உன்கிட்ட பேசுறதா இல்ல. உங்க ஊருக்கு ராத்திரி வண்டி ஓட்டுறானே, விடாம ஹாரன் அடிச்சு ஹாரன்னே பேர் வாங்கினவன், அவன்கிட்ட இதைக் குடுத்து விடுறேன். காலையில பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கோ. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. பதில் எழுதினா அவன்கிட்டயே குடு.

ஆஸ்பத்திரியில வலது முழங்காலை அறுத்து, தச்சு, கட்டைப் பிரிச்சு, "எக்சர்சைஸ் பண்ணுங்க"ன்னு அனுப்பினாங்க. நான் பாட்டுக்கு முடிஞ்சதைப் பண்ணிட்டுப் போயிருப்பேன். நீ வந்த. "எங்க கம்பெனி ஆப் அத்தான், போனை எதிர்ல வச்சா கேமரா உங்களைப் பார்க்கும், ஏஐ எண்ணும், சரியா பண்றீங்களான்னு சொல்லும், டாக்டரம்மாவுக்கு ரிப்போர்ட் தானா போயிரும்"ன்னு சொல்லி அதைப் போன்ல ஏத்தி விட்டுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்ட. மாட்டிக்கிட்டது நான்.

அது எண்ணுதா? கிழிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எந்திரிக்கிறேன். "இது கணக்கில் சேரவில்லை"ங்குது. மறுபடி எந்திரிக்கிறேன். "முழங்காலை இன்னும் மடக்கவும்." மடக்க முடிஞ்சா நான் ஏன்டி உன்கிட்ட வர்றேன்! அப்புறம், "முழு உடல் தெரியவில்லை, பின்னால் நகரவும்." நகர்ந்தேன். கதவு இடிக்குது. கதவைத் திறந்து இன்னும் நகர்ந்தா சமையலறைக்குள்ள போயிடுறேன். உங்கக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறா. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு பழமொழி வேற.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். டெப்போ மேனேஜர் தெளிவா சொல்லிட்டாரு. டாக்டரம்மா ரிப்போர்ட் நல்லா இருந்தாத்தான் ஓட்டிக் காட்டுற டெஸ்ட்டுக்கே கூப்பிடுவாங்க. இல்லேன்னா டெப்போ கேட்டுல நாற்காலி போட்டு உட்கார்ந்து, போற வர்ற வண்டி நம்பரை எழுதணும். என் பஸ்ஸை எவனோ ஓட்டிக்கிட்டுப் போவான், நான் அதோட நம்பரை எழுதணுமா மாப்ளே? அதுக்கு ஆபரேஷன் டேபிள்லயே என்னை விட்டிருக்கலாம்.

எண்ணுறதைக் கொஞ்சம் தாராளமா எண்ணச் சொல்லு உன் மிஷினை. உன் கம்பெனிதானே.

இப்படிக்கு,
கோவத்துல இருக்கிற
அத்தான்


ஜனவரி 15

அன்புள்ள அத்தானுக்கு,

ஹாரன் அண்ணன் ஒரு டீயோட விடல. ரெண்டு பன்னும் சாப்பிட்டுட்டுத்தான் லெட்டரைக் கண்ல காட்டினாரு. ஆனா உங்க கையெழுத்துல ஒரு லெட்டர் வாங்க எத்தனை பன் வேணாலும் வாங்கிக் குடுப்பேன். ஆபீஸ்ல வச்சுப் படிச்சுட்டுச் சத்தமா சிரிச்சுட்டேன். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தா.

தாராளமா எண்ணச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல அத்தான். என் வேலை ரொம்பச் சின்னது. காசு வாங்கிக்கிட்டு எக்சர்சைஸ் பண்ணி வீடியோ குடுக்கிறவங்க இருக்காங்க. அதைப் பார்த்து, இது முழுசா, இது பாதி, இதுல இடுப்பு வளையுதுன்னு நான் குறிச்சுக் குடுப்பேன். அதைப் பார்த்துத்தான் மிஷின் கத்துக்குது. அது உங்க இடுப்பு, முட்டி, கணுக்கால் எங்க இருக்குன்னு புள்ளி வச்சு, நடுவுல கோடு இழுத்து, கால் எவ்வளவு மடங்குதுன்னு அளக்கும். உங்க மூஞ்சி அதுக்கு வேண்டாம். நீங்க திட்டுறதும் அதுக்குக் கேக்காது, தைரியமா திட்டுங்க.

அது கறாரா இருக்கிறது உங்க நல்லதுக்குத்தான். பாதி மடக்கினதை முழுசுன்னு எண்ணினா உங்களுக்கு அன்னைக்கு சந்தோஷமா இருக்கும். பிரேக்குல கால் வைக்கிறப்ப சந்தோஷமா இருக்காது.

ரூம் சின்னதுன்னா என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன். கட்டிலை நிமிர்த்தி வைக்க முடியுமா? அக்காவைக் கேளுங்க.

கேட்டுல நாற்காலிங்கிற பேச்சே வேண்டாம். உங்களை அந்த சீட்டுல பார்த்தே பழகின கண்ணு எனக்கு.

உங்க
மச்சினன்


பிப்ரவரி 6

மாப்ளே!

உட்கார்ந்துக்கிட்டுப் படி. நேத்து உன் மிஷின் என்னைப் பார்த்து "அருமை"ன்னு சொல்லிச்சு. நான் சொல்லல, அது சொல்லிச்சு. உங்கக்கா சாட்சி.

கட்டிலை நிமிர்த்தச் சொன்னியே, நிமிர்த்தினா நாங்க எங்கடா படுக்கிறது, சுவத்துலயா? அதெல்லாம் வேண்டாம்னு நானே ஒரு வழி பண்ணிட்டேன். என்ன வழின்னு சொல்ல மாட்டேன். சந்துல பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறவன் மூளைன்னு வச்சுக்கோ. இப்பத் தலையில இருந்து கால் வரைக்கும் நான் முழுசா தெரியுறேன். "பின்னால் நகரவும்"ங்கிற பேச்சே இல்ல.

ஒரே ஒரு குறை. உன் மிஷினுக்கு இடது வலது தெரியாது போல. "வலது காலைத் தூக்கவும்"ங்குது, தூக்குறேன். "இது கணக்கில் சேரவில்லை"ங்குது. சரி போன்னு இடது காலைத் தூக்கினா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மணி மாதிரி எண்ணுது! உங்கக்கா, "இது எங்கயோ இடிக்குதே"ன்னா. நான் சொன்னேன், அடியே, சிக்னல்ல போலீஸ்காரர் கை காட்டினா நியாயமா அநியாயமான்னு கேட்டுக்கிட்டா நிப்பேன்? அது எந்தக் காலை எண்ணுதோ அந்தக் காலைத் தூக்கிட்டுப் போறேன். வலிக்காத காலைத் தூக்குன்னு சொன்னா கசக்குமா?

ரிப்போர்ட் பார்த்துட்டு டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கே வர வேண்டாம், வலது முட்டி பிரமாதமா தேறிட்டு வருதுன்னு செய்தி அனுப்பியிருக்காங்க. மாசக் கடைசியில டெஸ்ட். என் காக்கிச் சட்டையை உங்கக்கா இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருக்கா. மருந்துக்கடையில வேலை பார்க்கிறவ, மாத்திரையை விட இதுதான் எனக்கு மருந்துன்னு அவளுக்குத் தெரியும்.

நீ குறிச்சுக் குறிச்சு மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தது வீண் போகல. முதல் லெட்டர்ல எழுதினதை மறந்துடு. மிஷின் எடுத்த வீடியோ ஒண்ணை உங்கக்கா உனக்கு அனுப்புவா. பாரு. பார்த்துட்டு உன் ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டு.

சந்தோஷமா,
அத்தான்


பிப்ரவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த லெட்டரை மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். எப்படி ஆரம்பிச்சாலும் உங்களுக்குக் கோவம் வரும். அதனால நேரா சொல்லிடுறேன். நீங்க இன்னும் டெஸ்ட்டுக்குப் போகக் கூடாது.

வீடியோவைப் பார்த்தேன். முதல் தடவை பெருமையா இருந்துச்சு. ரெண்டாவது தடவை உங்க சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தேன். பேனா குத்தின பாக்கெட், வலது பக்கம் இருக்கு. எந்தத் தையல்காரர் அத்தான் ஆம்பளைச் சட்டைக்கு வலது பக்கம் பாக்கெட் வைப்பாரு?

பீரோக் கண்ணாடிதானே உங்க வழி? போனைக் கண்ணாடிக்கு நேரா வச்சிருக்கீங்க. கேமரா உங்களைப் பார்க்கல, கண்ணாடியில இருக்கிற உங்களைப் பார்க்குது. அதனாலதான் சின்ன ரூம்ல முழு உடம்பும் தெரிஞ்சுது. சத்தியமா நல்ல மூளை. எங்க ஆபீஸ்ல யாருக்கும் தோணல. ஆனா கண்ணாடியில வலது இடதாயிடும், இடது வலதாயிடும். மிஷினுக்கு அது கண்ணாடின்னு தெரியாது.

இத்தனை நாளா அது பாராட்டினது உங்க இடது காலை. நல்ல காலை. உட்கார்ந்து எந்திரிக்கிறப்ப நீங்க பாரத்தை முழுக்க இடது காலுக்குத் தள்ளுறீங்க, வீடியோல தெளிவா தெரியுது. அதைப் பார்த்துட்டு ஆபரேஷன் பண்ண கால் நல்லா தாங்குதுன்னு அது டாக்டரம்மாவுக்கு எழுதி அனுப்பியிருக்கு. வலது கால் ரெஸ்ட் எடுத்துக்கிட்டு இருக்கு.

இடது வலது தெரியலேன்னு நீங்க எழுதினப்பவே நான் புரிஞ்சுக்கிட்டிருக்கணும். ஜோக்குன்னு நினைச்சுச் சிரிச்சுட்டேன். நீங்க ஏமாத்தல, எனக்குத் தெரியும். யாரும் ஏமாத்தல. ஆனா டாக்டரம்மாவுக்கு இதைச் சொல்லியே ஆகணும். நீங்களே சொல்லிடுங்க அத்தான்.

உங்க
மச்சினன்


பிப்ரவரி 14

டேய்,

நான் உன்கிட்ட என்ன கேட்டேன்? வீடியோவைப் பார்த்து சந்தோஷப்படச் சொன்னேன். பாக்கெட்டை ஆராய்ச்சி பண்ணச் சொன்னேனா?

போன மாசம் மிஷின் சரி, நான் தப்பு. இந்த மாசம் மிஷின் நல்லா இருக்குன்னு சொன்னா, இப்ப மிஷின் தப்பு, அப்பவும் நான் தப்பு. எப்படிப் பார்த்தாலும் அத்தான் தப்புன்னு ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்க.

என் கால் எனக்குத் தெரியும். நேத்துப் பிறந்த பய இல்ல நான். டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டு லெட்டர் வந்தாச்சு. டாக்டரம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொன்ன, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத. உங்கக்காவைப் பார்க்கணும்னா அவளை பஸ் ஸ்டாண்டுல வந்து பார்த்துட்டுப் போ.

ஹாரன் கிளம்பிட்டான். அவ்வளவுதான்.


பிப்ரவரி 16

அத்தான்,

திட்டுங்க. வாசப்படி மிதிக்காதேன்னாலும் சரி.

பரீட்சையில நான் பெயிலான அன்னைக்கு வீட்டுக்குப் போகப் பயந்து டெப்போ பக்கம் நின்னேன். ஞாபகம் இருக்கா? ஏறுன்னு சொல்லி முன் சீட்டுல உட்கார வச்சு, சாயங்காலம் வரைக்கும் கூடவே கூட்டிட்டுப் போனீங்க. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. கடைசி டிரிப் முடிஞ்சதும் "பசிக்குதா?"ன்னு மட்டும் கேட்டீங்க. அந்த நன்றி இருக்கிறதாலதான் எழுதினேன். இல்லேன்னா "சூப்பர் அத்தான்"னு போட்டுட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

டாக்டரம்மாகிட்ட நான் பேசல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. டெப்போவுக்குப் போய் நிக்கிற வண்டியில ஏறுங்க. பழைய வண்டியா பாருங்க, பிரேக் கெட்டியா இருக்கிறதா. இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டு, வலது காலால மட்டும் பிரேக்கை அமுக்கிப் பிடிங்க. யாரோ குறுக்க வந்த மாதிரி நினைச்சுக்கிட்டு அமுக்குங்க. கால் கேட்டுச்சுன்னா நான் வாயே திறக்கல, நேர்ல வந்து உங்க கால்ல விழுறேன்.

கேக்கலேன்னா, நீங்களே முடிவு பண்ணுங்க. அதுக்கு மேல உங்களுக்குச் சொல்ல எனக்கு வயசு இல்ல.

மச்சினன்


பிப்ரவரி 25

மாப்ளே,

ரெண்டு நாள் உன் லெட்டரைச் சட்டைப் பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். மூணாவது நாள் டெப்போவுக்குப் போனேன். உங்கக்காவும் கூட வர்றேன்னா. எதுக்குடின்னு கேட்டா, "சும்மா, பஸ்ல உட்கார்ந்து ரொம்ப நாளாச்சு"ங்கிறா. அவளைத் தெரியாதா உனக்கு?

வாஷிங்குக்கு நின்ன பழைய வண்டியில ஏறினேன். ஏறுறதுக்கே கம்பியைப் பிடிச்சு இழுத்துத்தான் ஏறினேன். அப்பவே புரிஞ்சிருக்கணும். ஸ்டார்ட் பண்ணிட்டு நீ சொன்ன மாதிரி இடது காலை அடியில தள்ளிட்டு, வலது காலைப் பிரேக்குல வச்சு அமுக்கினேன். பாதி தூரம் போச்சு. அதுக்கு மேல போகல. தொடை வெடவெடன்னு நடுங்குது. இன்னொரு தடவை அமுக்கினேன். முட்டிக்குள்ள சுருக்குன்னு பிடிச்சு, கால் தானா நழுவிடுச்சு.

திரும்பிப் பார்த்தேன். உங்கக்கா முதல் சீட்டுல உட்கார்ந்திருக்கா.  காலி பஸ்ல நாங்க ரெண்டு பேருதான். நான் அழுதேன் மாப்ளே. எதுக்கு மறைக்கணும்? இந்த வண்டியில சாயங்காலம் அறுபது எழுபது பேர் ஏறுவாங்களே, இந்தக் காலை நம்பியா ஏறுவாங்கன்னு நினைச்சதும் அடக்க முடியல. அப்புறம் அவதான், "சொந்தக் கால் வலிக்குதா இல்லையான்னு போனைக் கேட்டீங்களே, கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேணும்?"னா. அழுதுக்கிட்டே சிரிச்சுட்டேன்.

அங்க இருந்து நேரா ஆஸ்பத்திரி. டாக்டரம்மாகிட்ட நானே சொன்னேன். அந்தம்மா முதல்ல நம்பல. வீடியோவைக் காட்டினதும் தலையில கை வச்சுக்கிட்டாங்க. "ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து வர வேண்டாம்னு சொன்னது என் தப்பு, இனிமே வாராவாரம் நேர்லயும் வாங்க"ன்னாங்க. டெஸ்ட் தள்ளிப் போச்சு. மேனேஜர் முனகினாரு. அதுவரைக்கும் கேட்டுல நாற்காலிதான். போய் உட்கார்ந்தேன். செத்துப் போகல.

இப்ப எக்சர்சைஸ் எங்க பண்றேன் தெரியுமா? மாடிப்படிக்கு முன்னாடி பொது வராந்தாவுல. அங்கதான் நீளம் இருக்கு. மானம் கப்பலேறிப் போச்சு. மேல் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா, எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் எல்லாரும் நின்னு பார்க்கிறாங்க. மிஷின் "கணக்கில் சேரவில்லை"ன்னா டைப்பிஸ்ட் அம்மா, "ஏம்மா, நான் பார்த்தேன், நல்லாத்தானே எந்திரிச்சாரு"ன்னு போனோட சண்டைக்கே போயிடுறாங்க. முதல் நாள் வலது காலுக்கு நாலுதான் தேறிச்சு. நேத்து ஆறு. உண்மையான ஆறு.

"டேய்"னு எழுதினேன். மனசுல வச்சுக்காத. உன்னை மாதிரி ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா சொல்லலேன்னா நான் எங்க போய் நின்னிருப்பேன்னு நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. வாசப்படி உனக்காகத்தான் கிடக்கு, வந்து மிதி.

அத்தான்


மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க லெட்டரை பஸ் ஸ்டாண்டுல நின்னே படிச்சேன். ஹாரன் அண்ணன், "என்னப்பா, வீட்டுல யாருக்காவது எதாவதா?"ன்னு பயந்துட்டாரு. இல்லண்ணே, எல்லாம் நல்ல செய்திதான்னு சொல்லிட்டு கண்ணைத் துடைச்சேன். நம்பல. அன்னைக்கு அவரே எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு, அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியும்.

வாசப்படிக்கு ரொம்ப நன்றி. அந்த லெட்டர் வர்ற வரைக்கும் ரெண்டு வாரமா தூக்கமே இல்ல. அக்கா வீடு இல்லேன்னா எனக்கு எந்த வீடு இருக்கு?

ஒரு விஷயம். உங்க பேரைச் சொல்லாம ஆபீஸ்ல கண்ணாடி சமாச்சாரத்தைச் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் யோசிக்க ஆரம்பிச்சாங்க. வேற எத்தனை பேர் வீட்டுல ரூம் சின்னதோ! இப்ப ஆரம்பிக்கிறப்பவே "வலது கையைத் தூக்கவும்"னு கேக்குற மாதிரி பண்ணிட்டாங்க. கேமராவுக்கு இடது கை தெரிஞ்சா, "கண்ணாடியை எடுத்துவிட்டுப் போனை உங்கள் பக்கம் திருப்பவும்"னு சொல்லிடும். இனிமே யாரு எக்சர்சைஸ் பண்ணாலும் உங்க புண்ணியத்துல ஒரு கையைத் தூக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

எங்க மேலதிகாரி, "இதைக் கண்டுபிடிச்சது யாரு?"ன்னு கேட்டாரு. ஒரு பஸ் டிரைவர்னு சொன்னேன். பொய் இல்லையே.

உங்க
மச்சினன்


மே 3

மாப்ளே,

நான் பண்ண கோணங்கித்தனத்துக்கு ஊரே கை தூக்குதா! உங்கக்கா மருந்துக்கடையில வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா.

டெஸ்ட்டுல பாஸ் பண்ணதை அவ சொல்லியிருப்பா. இன்ஸ்பெக்டர் பக்கத்துல உட்கார்ந்து, நில்லுன்னா நின்னேன், போன்னா போனேன். அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. நேத்து நடந்ததை எழுதுறேன். இதை உங்கக்காகிட்ட கூட இன்னும் சொல்லல.

நேத்துக் காலையில நல்ல மழை. வண்டி நெறைய ஆள், படியில கூட நிக்கிறாங்க. கடைத்தெரு வளைவு தாண்டி வேகம் எடுக்கிறேன். நின்னுக்கிட்டிருந்த லாரிக்கு முன்னால இருந்து ஒரு பெரியவர் சட்டுன்னு ரோட்டுல இறங்கிட்டாரு. குடையைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்காரு, இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல அவருக்கு. ஹாரன் அடிக்கக் கூட நேரம் இல்ல. நான் யோசிக்கல மாப்ளே. வலது கால் போயிடுச்சு. அடி வரைக்கும் போச்சு, நடுங்காம நின்னுச்சு. வண்டி ஈர ரோட்டுல கிறீச்சுன்னு இழுத்துக்கிட்டுப் போய், அவருக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு.

அவரு திரும்பிக் கூடப் பார்க்கல. மழைச் சத்தத்துல கேக்கல போல. குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கிட்டு, நிதானமா எதிர்ப்பக்கம் போயிட்டாரு.

வண்டிக்குள்ள ஒருத்தர் மேல ஒருத்தர் சரிஞ்சிட்டாங்க. "யோவ் டிரைவர், ஓட்டத் தெரியாதா?"ன்னு ஒருத்தர். "இத்தனை நாள் லீவுல இருந்த ஆளு, டச் விட்டுப் போச்சு"ன்னு இன்னொருத்தர். ஒரு அம்மா என் வம்சத்தையே இழுத்துட்டாங்க. இருபது வருஷத்துல இவ்வளவு திட்டு ஒரே நேரத்துல வாங்கினதில்ல. வாயை மூடிக்கிட்டு அத்தனையும் வாங்கிக்கிட்டேன். கண்ணுல தண்ணி நிக்குது, வைப்பர் ஓடியும் எனக்கு முன் கண்ணாடி தெரியல. கண்டக்டர் விசில் அடிச்ச பிறகுதான் எடுத்தேன்.

பிப்ரவரியில அந்த ரிப்போர்ட்டோட போயிருந்தா, கையைப் பிடிச்சு ஏத்தி விட்டு என்னைப் பாஸ் பண்ணியிருந்தாலும் பண்ணியிருப்பாங்க. டெப்போவுல ஆள் பஞ்சம். நேத்து அந்த சீட்டுல அந்தக் காலோடதான் உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பெரியவர் யாரு, எங்க போனாருன்னு தெரியல. வீட்டுக்குப் போய் குடையை உதறி ஓரமா வச்சுட்டுத் தலையைத் துவட்டியிருப்பாரு. என்ன நடக்க இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. உனக்கு நன்றி சொல்லணும்னும் அவருக்குத் தெரியாது. அதனால அவருக்கும் சேர்த்து நானே சொல்றேன். நல்லா இரு மாப்ளே.

உன்
அத்தான்